முப்பத்தைந்து வயது மகள்

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைப் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறேன். மண் அரைக்கும் மிஷின் பக்கத்தில் கத்தினால்தான் பேச்சு காதில் விழும். என் ஒன்பது வயது மகள் பள்ளி விட்டதும் அம்மாவைத் தேடி நேராக அங்கே வந்துவிடுவாள்.

அவள் கண்டதையும் பார்க்கக் கூடாதென்று செல்போனில் ஒரு ஆப் போட்டேன். குரலை வைத்தே வயதைக் கணித்து, குழந்தையென்றால் கார்ட்டூன் மட்டும் காட்டுமாம். முதலில் நான் கூச்சத்தோடு, "வணக்கங்க" என்றேன். எனக்குப் பத்து வயது என்று சொல்லி, யானைக்குட்டி கார்ட்டூனைப் போட்டது.

மகள் போனை வாங்கி, பட்டறையில் நான் கத்துவது போலவே, "மிஷின நிறுத்துங்க, மண்ணு வழியுது" என்று ஒரு கத்து கத்தினாள். முப்பத்தைந்து என்றது. எல்லாம் திறந்துகொண்டது. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.

அன்று ராத்திரி வீட்டில் நான் சீரியல் பார்க்க அவள்தான் போனைத் திறந்து கொடுத்தாள். பாதியில் அதே குரலில், "பாத்தது போதும், போன வெச்சிட்டு சாப்புட வா" என்றாள்.

வீட்டில் மிஷின் எதுவும் ஓடுவதில்லை. ஆனாலும் நான் அவளிடம் தினமும் பேசுவது அந்தக் குரலில்தான். அதைக் கேட்கிற பக்கம் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

போனை வைத்துவிட்டு எழுந்து போய்ச் சாப்பிட்டேன்.