வெறும் சுடுதண்ணீர்

சீனப் பயணிகளை வரவேற்பது எப்படி என்று நகரத்தில் ஒருநாள் வகுப்பு வைத்தார்கள். சிறு விடுதி நடத்தும் நாங்கள் கொஞ்சப் பேர் போயிருந்தோம். கொழும்பிலிருந்து வந்த ஒரு பெண் நிதானமாகச் சொல்லித் தந்தார். எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும் கொடுக்க வேண்டும். அறைக்கு நான்காம் எண் ஆகாது, அவர்கள் பேச்சில் அது சாவு என்பதுபோல ஒலிக்கும். உறைப்பைக் குறைக்க வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியம், ஒவ்வோர் அறையிலும் ஒரு ஃபிளாஸ்க் நிறைய வெறும் சுடுதண்ணீர். பரீட்சைக்குப் போகிறவன் மாதிரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

விடுதி என்று பெயர்தான், அது அக்காவின் வீடு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். அக்கா குவைத்தில் பன்னிரண்டு வருடம் ஒரு வீட்டில் வேலை செய்தாள். திரும்பி வந்து, வாவியைப் பார்த்தபடி நான்கு அறைகளைக் கட்டினாள். ஆட்களோடு பேசுவது, கடிதம் எழுதுவது என் வேலை. சமையலும் மற்றதெல்லாமும் அவளுடையது. ஆனால் அறைகள் பெரும்பாலும் பூட்டியே கிடந்தன. அப்போதுதான் ஒரு பயண முகவர் ஒரு குழுவை அனுப்பிப் பார்ப்பதாகச் சொன்னார். அவர்களுக்குப் பிடித்துப் போனால் மாதம் தவறாமல் ஆட்கள் வருவார்கள்.

"இது சரிவராட்டி நான் திரும்பவும் குவைத்துக்குப் போறதுதான் தம்பி" என்றாள் அக்கா, தேங்காய் திருவிக்கொண்டே. மிரட்டலாகச் சொல்லவில்லை. சந்தைக்குப் போய்வருகிறேன் என்பதுபோலச் சொன்னாள். அவளுக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது, முழங்கால் வலி வேறு.

செங்கலடிக் கடைத்தெருவுக்குப் போய் ஃபிளாஸ்க் வாங்கி வந்தேன். நான்காம் அறையின் எண்ணை அழித்து ஐந்து என்று எழுதினேன். பிறகு குறிப்புகளை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு கையால் கொடுப்பதைக் கேட்டு, "நாம வேற எப்பிடிக் குடுக்கிற?" என்றாள். சுடுதண்ணீரில் வந்து நின்றுவிட்டாள்.

"வெறும் சுடுதண்ணியா? வயித்துக்குத்து எண்டு வந்தவனுக்குக் குடுக்கிற மாதிரியா?"

"அது அவங்கட வழக்கம் அக்கா. ஒண்டும் போடாமக் குடுக்கட்டாம்."

"வீடு தேடி வந்த ஆக்களுக்கு வெறுந்தண்ணி குடுக்க ஒண்ணாது. குவைத்தில சொன்னதெல்லாம் செய்தன். இது என்ட வீடு."

அவள் சொன்னதில் பிழையில்லை. எங்கள் ஊரில் வந்தவருக்குச் சோடா உடைப்பார்கள், இல்லாவிட்டால் சீனியை அள்ளிப் போட்டுத் தேத்தண்ணீர் கொடுப்பார்கள். சீனி குறைந்தால் வீட்டுக்காரரின் மனசும் குறைவு என்று பேச்சு வரும். "எழுதினபடி செய்யுங்க" என்று சொல்லிவிட்டுக் காகிதத்தைக் குசினிச் சுவரில், அடுப்புக்கு மேலே ஒட்டினேன். அதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

குழு பொலன்னறுவையைப் பார்த்துவிட்டு, ஓட்டமாவடி வழியாகப் பின்னேரம் வந்து சேர்ந்தது. எட்டுப் பேர், கூடவே சீனம் பேசத் தெரிந்த ஒரு சிங்கள வழிகாட்டி. அக்கா இரண்டு கையாலும் இளநீர் நீட்டினாள். சிரித்தார்கள், அவளோடு நின்று படம் எடுத்தார்கள். எல்லாம் கைகூடிவிட்டது என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அரை மணி நேரத்தில் வழிகாட்டி கையில் கப் நூடுல்ஸோடு வந்து நின்றார். ருசி பார்க்கச் சொன்னார். பார்த்தேன். பாயாசம்.

அக்கா ஃபிளாஸ்க் நாலிலும் சீனி கரைத்திருந்தாள், ஏலக்காயும் தட்டிப் போட்டு வடித்திருந்தாள். கண்ணுக்கு அது தண்ணீர்தான். அவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் எல்லாம் அதில் ஊறிவிட்டது. ஒரு வயதான அம்மா அந்தத் தண்ணீரில் மருந்தும் குடித்திருந்தார். அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு.

"யார் செய்தது?" என்று வழிகாட்டி கேட்டார்.

நான் கையை நீட்டிக் குசினியைக் காட்டினேன். "அக்காதான். ஒன்றும் போட வேண்டாம் என்று நான் சொல்லித்தான் வைத்திருந்தேன்."

அந்தக் கையை இன்றைக்கும் நினைக்க வெட்கமாக இருக்கிறது. அக்கா குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போய் அடுப்பில் தண்ணீரை வைத்தாள்.

அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவரே குசினிக்குள் வந்தார், தண்ணீர் கொதிக்கும்வரை அக்காவின் பக்கத்தில் நின்றார். வெறும் சுடுதண்ணீரை வாங்கி ஊதி ஊதிக் குடித்துவிட்டு அக்காவின் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார். அடுத்த நாள் காலையில் எல்லோரும் கை காட்டிவிட்டு வேனில் ஏறினார்கள்.

ஒரு கிழமையில் முகவரின் கடிதம் வந்தது, நல்ல மரியாதையான கடிதம். வீடும் வாவியும் பிடித்திருந்தனவாம். ஆனால் சொன்னதைச் சொன்னபடி செய்கிற இடம்தான் அவர்களுக்கு வேண்டுமாம். நான் வாசித்து முடிக்கும்வரை அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய் அலுமாரியில் கடவுச்சீட்டைத் தேடினாள். நான் தடுக்கவில்லை. தடுத்துவிட்டு வேறு எந்த வழியைக் காட்டுவது?

இப்போது வெள்ளிக்கிழமைகளில் குவைத்திலிருந்து அழைப்பாள். முழங்காலைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். போன கிழமை அங்குள்ள வீட்டைப் பற்றிச் சொன்னாள்.

"இஞ்ச வயசான மேடம் ஒராள் இருக்கிறா தம்பி. காலம்பற எழும்பினா அவவுக்கு வெறும் சுடுதண்ணிதான் வேணும்."

"நீங்க என்ன செய்யிற?"

"ஒண்டும் போடாமத்தான் குடுக்கிறன். இது அவவுட வீடுதானே."