கயிற்றைத் தாண்டி வந்த மணியம்மாள்

ஓரிக்கையில் மணியம்மாளின் வாய்க்குப் பயப்படாதவர்கள் கிடையாது. மடைத் தண்ணீரைத் திருப்பிவிட்ட பங்காளியை வரப்பிலேயே நிறுத்தி அழவிட்டவள் அவள். ஆனால் மகள் வடிவின் ஓட்டப்பந்தய விஷயத்தில் மட்டும் தலையிட்டதில்லை. அதை அப்பன் முனிசாமியும் டிரில் டீச்சர் வத்ஸலாவும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டிருந்தாள்.

எழுபத்தொன்றாம் வருஷம் காஞ்சிபுரத்தில் நடந்த போட்டிக்குத்தான் முதல்முறையாகப் போனாள். நானூறு மீட்டரில் முன்னால் ஓடிக்கொண்டிருந்த வடிவு, கடைசித் திருப்பத்தில் துவண்டு நாலாவதாக வந்தாள். அவள் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் முனிசாமி, ஓடுதளத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி ஓடினான்.

"ஊர் முன்னால மானத்த வாங்கிட்டு நிக்கிறியே, வெக்கமா இல்ல?"

"எருமைகூட இதைவிட வேகமா ஓடும்" என்றாள் வத்ஸலா. "ஒழுங்கா பிராக்டீஸுக்கு அனுப்பினாத்தானே?"

"நீங்க சொல்லிக் குடுத்த லட்சணம் அப்படி!" என்று முனிசாமி அவள்மேல் பாய்ந்தான்.

நடுவில் நின்ற வடிவு இடது காலை ஊன்றாமலே நிற்பது மணியம்மாளின் கண்ணில் பட்டது. அவளும் கயிற்றைத் தாண்டி விடுவிடுவென்று போய் மகளைத் தரையில் உட்காரவைத்தாள். கணுக்கால் புடைத்துக் கிடந்தது.

"எப்பலேர்ந்துடி?"

"போன வாரத்துலேர்ந்தும்மா. சொன்னா டீச்சர் சாக்குன்னுவாங்க. அப்பா அடிக்கும்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றாள் வத்ஸலா.

"சொல்ற மாதிரியா வெச்சிருந்தீங்க, டீச்சரம்மா?" மணியம்மாள் எழுந்தாள். "திட்றதுக்கு ரெண்டு பேருக்கும் வாய் கிழியுது. காலு எப்படி இருக்குதுன்னு ஒரு வார்த்த கேக்கறதுக்கு வாய் வரல. இனிமே கேட்டுட்டுப் பேசுங்க. இல்லாட்டி எம்பொண்ணு ஓட வாணாம்."

"எனக்கு நீ பாடம் நடத்தறியா? ஓட வேண்டாம், போ!" என்றாள் வத்ஸலா.

முனிசாமி வீட்டில் பேச்சை நிறுத்தினான். மணியம்மாள் சோற்றுத் தட்டை அவன் முன் ணங்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

கால் தேறியதும் வடிவு தானே, "ஓடணும்மா" என்றாள். மணியம்மாள் அவளை மைதானத்துக்கு அழைத்துப் போய் ஒதுங்கி நின்றாள். வத்ஸலா தாயைத் திரும்பியும் பார்க்கவில்லை. வெகுநேரம் கழித்து, "கால் வலிக்கறதா?" என்று மகளை வெடுக்கென்று கேட்டாள்.

"கொஞ்சம், டீச்சர்."

"அப்ப இன்னிக்கு ஒரு சுத்து போதும்."

மறுவருஷம் வடிவு மூன்றாவதாக வந்தாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற முனிசாமி மனைவியை முறைத்துவிட்டு, "தண்ணி குடிக்கிறியாம்மா?" என்று மகளிடம் செம்பை நீட்டினான்.

வத்ஸலாவுக்கும் மணியம்மாளுக்கும் மட்டும் கடைசிவரை ஒட்டவில்லை. கருட சேவைக் கூட்டத்தில் நேருக்கு நேர் வந்தபோதுகூட இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போனார்கள்.