இரண்டு கோல் வித்தியாசத்துக்கு ஓர் உபவாசம்

எனக்கு ஆண்டவர் செய்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அழகாகச் சொல்லத் தெரியாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பாரிஸில் கோப்பை கழுவினேன். ஜெர்மனியில் பெட்டி தூக்கினேன். எந்த ஊரிலும் நிலைக்கவில்லை. கடைசியில் லண்டன். நோர்பரியில் ஓர் அறை, ஸ்ட்ரெதமில் பெற்றோல் நிலைய வேலை. என் மனைவி நிர்மலா யாழ்ப்பாணத்தில் இருந்தாள். அவளைக் கூப்பிட விசாவுக்கென்று காசு சேர்த்து வைத்திருந்தேன்.

அந்தக் காசோடு கால்பந்துப் பந்தயச் சந்தைக்குள் போனேன். எல்லாம் போனில்தான். ஓர் அணி எத்தனை கோல் வித்தியாசத்தில் வெல்லும் என்பதை அங்கே வாங்கி விற்கலாம். ஆட்டம் நடக்க நடக்க விலை ஏறும், இறங்கும். முடிவதற்கு முன் விற்றுவிட்டு வெளியே வரலாம். நான் வரமாட்டேன். இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று இருப்பேன். கடைசி நேரத்தில் எதிரணி ஒரு கோல் போடும். என் அணி வென்றிருக்கும், என் காசு போயிருக்கும்.

பாதிக்கு மேல் போய்விட்டது. நிர்மலா விசாவைப் பற்றிக் கேட்டால், "விசா ஃபோம் நிரப்பிறன்" என்பேன். நித்திரை இல்லை. சாப்பாடு இறங்கவில்லை.

தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் ஜெபக்கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. விவரம் சொல்ல விரும்பாதவர் 'ஒரு காரியம்' என்று மட்டும் சொல்லலாம். யாரும் துருவிக் கேட்கமாட்டார்கள். விரும்பியவர்கள் அதற்காக உபவாசம் இருப்பார்கள். நானும் எழுந்து, "ஒரு காரியம்" என்றேன். மனதில் இருந்தது சனிக்கிழமை ஆட்டம். மிச்சக் காசெல்லாம் அதில்தான். என் அணி இரண்டு கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும்.

சனிக்கிழமை பிற்பகல் பஸ் தரிப்பில் போனைப் பார்த்தபடி நின்றேன். என் அணி இரண்டு கோல் முன்னால் நின்றது. அப்போது ராணி அக்கா வந்தார். எங்கள் கூட்டத்தில் பாட்டு நடத்துபவர், சீனி வருத்தக்காரர், நீரிழிவுக்குத் தினமும் ஊசி போடுபவர். முகமெல்லாம் வியர்வை. தரிப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னக்கா, சாப்பிடேல்லையோ?"

"இல்லைத் தம்பி. உன்ர காரியத்துக்கு உபவாசம்."

"நீங்கள் ஊசி போடுற ஆளெல்லோ! ஆர் உங்களைப் பட்டினி கிடக்கச் சொன்னது?"

"நீதானே எழும்பிக் கேட்டனி," என்று சிரித்தவர் அப்படியே என்மேல் சரிந்தார்.

போன் சட்டைப்பைக்குள் போனது. பக்கத்துக் கடையில் ஜூஸ் வாங்கிப் பருக்கினேன். மெல்ல வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பிட வைத்தேன். தெளிந்ததும் என்னைப் பார்த்தார்.

"இப்ப சொல்லு. என்ன காரியம்?"

சொன்னேன்.

"ஃபுட்போலோ?"

"ஓம் அக்கா. ரெண்டு கோல் வித்தியாசம்."

"அட கோதாரி! ஆருக்கோ பெரிய வருத்தமெண்டெல்லோ நான் அழுது ஜெபிச்சனான். ரெண்டு கோலுக்கோ!"

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. அதைக் கண்டு என் கையைப் பிடித்தார்.

"சரி, இப்ப ஒழுங்காக் கேள். ஆண்டவரிட்டை என்ன வேணும்?"

"இதை விடவேணும் அக்கா. தனிய என்னால ஏலாது."

அதையே சொல்லி ஜெபித்தோம். பிறகுதான் போனைப் பார்த்தேன். ஒரு கோல் வித்தியாசத்தில் ஆட்டம் முடிந்திருந்தது. காசு முழுதும் போய்விட்டது. ஆனால் அத்தனை நேரமும் நான் போனைத் தொடவில்லை. விற்க வேண்டும் என்ற நினைப்புக்கூட வரவில்லை. பல மாதங்களில் அப்படி ஒரு பொழுது எனக்கு இருந்ததில்லை. ஜெபிக்க முன்னமே ஆண்டவர் பதில் தந்துவிட்டார் என்று விளங்கியது.

அக்கா முன்னாலேயே பந்தயக் கணக்கை மூடினேன். நிர்மலாவுக்குப் போன் எடுத்து எல்லாம் சொன்னேன். "இனி எனக்கு ஃபோம் கதை மட்டும் சொல்லாதேங்கோ," என்றாள்.

அவள் இன்னும் வரவில்லை. திரும்பவும் சேர்க்கிறேன். களைப்பாகத்தான் இருக்கிறது. சனிக்கிழமை வந்தால் கை போனைத் தேடும். அப்போது ராணி அக்கா வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறேன். நித்திரை வருகிறது. ஆண்டவருக்கு நன்றி.

உங்களிடமும் 'ஒரு காரியம்' இருந்தால், அது என்னவென்று வாய்விட்டுச் சொல்லிக் கேளுங்கள். வெட்கப்பட்டாலும் கேளுங்கள். அது தெரியாமலே உங்களுக்காக ஒருவர் பசியோடு இருக்கக்கூடும்.