வாணியம்பாடி மூக்கு

பெங்களூரில், பீரை அங்கேயே காய்ச்சி ஊற்றும் கடையில் அவர் எனக்குப் பக்கத்து ஸ்டூல்காரர். நரைத்த தாடி, இஸ்திரி கலையாத சட்டை. ஹாப்ஸ் பூவைத் தூக்கலாகப் போட்ட பேல் ஏல் பீரைக் கண்ணை மூடி முகர்ந்த பிறகே குடிப்பார்.

"மாம்பழ வாசன," என்றார்.

அந்த வாசனையைப் பற்றிப் படித்துவிட்டுத்தான் ஆம்பூரில் ரயிலேறியிருந்தேன். அதே பீரில் எனக்கோ வெறும் கசப்பு.

"டேனரில வேலைண்ணா. தோல் நாத்தத்துல மூக்கு செத்துப்போச்சு."

"நானும் டேனரிதான் தம்பி, வாணியம்பாடி. உன்னவிட ஜாஸ்தி வருஷம்." தன் கிளாஸை என் பக்கம் நகர்த்தினார். "இத மோந்து பாரு. இன்னா வருது?"

ஒன்றும் வரவில்லை. என்னிடம் இருந்த ஒரே சாக்கும் போய்விட்டது. வயிறு எரிந்தது.

"மாம்பழம்தாண்ணா," என்றேன்.

சந்தோஷத்தில் எனக்கும் சேர்த்து இன்னொரு ரவுண்டு கொண்டுவரச் சொன்னார். கசப்பை விழுங்கியபடி அந்த மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.