டேப் ரிக்கார்டருக்கு ஊட்டிய சோறு

எங்கள் வீட்டில் ஒரு டேப் ரிக்கார்டருக்குத் தயிர்சாதம் ஊட்டினார்கள் என்று சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. ஊட்டியது நான் இல்லை. நான் வேடிக்கை பார்த்தவள். அந்த வயதில் அதுதான் எனக்கு முழுநேர வேலை.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் குத்தகை நிலத்தில் நெல் போட்டுப் பிழைத்த கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூர், துபாய் என்று விமானம் ஏறிக்கொண்டிருந்த காலம். அம்மாவின் கடைசித் தங்கை, எனக்குச் சித்தி, கணவர் இறந்த மறுவருஷம் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் புறப்பட்டாள். இரண்டு வயதுப் பெண்குழந்தையை அம்மாவின் இடுப்பில் மாற்றிவிட்டு, வாசலில் நின்று ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாள்.

"நான் திரும்பி வரும்போது எம் புள்ளை என்னைப் பாத்து யாருன்னு கேக்கக் கூடாதுக்கா. அது ஒண்ணு போதும் எனக்கு."

"கேக்க மாட்டா. நீ தைரியமா போயிட்டு வா," என்றாள் அம்மா.

அம்மா சொன்னால் சொன்னதுதான். சித்தி, ஊர் திரும்புகிறவர்கள் யாரிடமாவது கேசட்டில் பேசிக் கொடுத்தனுப்புவாள். சிங்கப்பூர் மாமா வாங்கி வந்த டேப் ரிக்கார்டர், கூடத்தில் மாதா படத்துக்குக் கீழே ஒரு முக்காலியில் இருந்தது. தினமும் சாயங்கால செபம் முடிந்ததும் அம்மா பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கேசட்டைப் போடச் சொல்வாள். பொத்தானை அமுக்குவது என் உரிமை. "கண்ணு, சாப்புட்டியா? அம்மா பேசுறேன்" என்று பெட்டி ஆரம்பிக்கும். "பாரு, உங்க அம்மா பேசுறா" என்று என் அம்மா பெட்டியைக் காட்டுவாள்.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நான் தானே வளர்ந்துகொண்டிருந்தேன். மீன் குழம்பில் முள்ளில்லாத துண்டு பாப்பாவுக்கு, வால் எனக்கு. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் அம்மாவுக்குச் சோறு இறங்காது. ஆனால் இத்தனை செல்லம் கொடுப்பவள் ஒரு விஷயத்தில் மட்டும் கல்லாக இருந்தாள். நான் கூப்பிடுவதைக் கேட்டுப் பாப்பாவும் "அம்மா" என்று ஓடி வருவாள். அம்மா திரும்ப மாட்டாள். "பெரியம்மா சொல்லு" என்பாள். குழந்தை "பெரியம்மா" என்று சொன்ன பிறகுதான் தூக்குவாள். ஒருநாள் பாப்பா வாசற்படியில் தடுக்கி விழுந்து உதடு கிழிந்து அலறியபோதும் அப்படித்தான். எனக்கு அம்மா மேல் கோபமே வந்தது. கூப்பிட்டுவிட்டுத்தான் போகட்டுமே, என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன்.

அம்மாவின் பாடம் நன்றாகவே ஏறியிருந்தது. ஒரு மத்தியானம் பாப்பா தன் தட்டோடு முக்காலிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பெட்டியின் கேசட் கதவைத் திறந்து, உள்ளே தயிர்சாதத்தைச் சிறு சிறு உருண்டையாக வைத்துக்கொண்டிருந்தாள். தினமும் தன்னைச் சாப்பிட்டாயா என்று கேட்கிற அம்மாவை யாருமே கேட்கவில்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். எனக்கு ஒரே குஷி. அடி விழப்போகிறது என்று அடுப்படிக்கு ஓடி அம்மாவை அழைத்து வந்தேன். அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். "போதும்டா, அம்மாவுக்கு வயிறு நெறைஞ்சுட்டு," என்று சொல்லி அவள் கையைக் கழுவிவிட்டாள். எனக்கு மகா ஏமாற்றம். அப்பா ஈர்க்குச்சியால் பருக்கைகளைக் கிளறி எடுத்தார். அதற்குப் பிறகு சித்தியின் குரல் கொஞ்சம் ஜலதோஷம் பிடித்த மாதிரி வந்தது.

பாப்பாவுக்கு ஐந்து வயது ஆகப்போகும்போது சித்தி வந்தாள். காரிலிருந்து இறங்கியவள் கருத்து இளைத்திருந்தாள். கை நிறைய சாக்லேட்டோடு மண்டி போட்டு, "கண்ணு" என்றாள். அழுகையில் அது அவள் குரல் மாதிரியே வரவில்லை. பாப்பா என் அம்மாவின் புடவைக்குள் புகுந்துகொண்டு, "யாரு பெரியம்மா இது?" என்றாள்.

சித்தியின் நீட்டிய கை அப்படியே நின்றது. எது நடக்கக் கூடாது என்று கேட்டுவிட்டுப் போனாளோ அதுவே நடந்துவிட்டது.

என் அம்மா பதறவில்லை. "நீ உள்ளே போ. கதவைச் சாத்திக்க. கேசட்டுல பேசுவியே, அதே மாதிரி பேசு," என்று சித்தியை அறைக்குள் அனுப்பினாள். பாப்பாவுக்குத் தட்டில் சோறு போட்டுக் கூடத்தில் உட்கார வைத்தாள். கதவுக்குப் பின்னாலிருந்து, "கண்ணு, சாப்புட்டியா? அம்மா பேசுறேன்," என்று குரல் வந்தது.

பாப்பா முதலில் முக்காலியைப் பார்த்தாள். பெட்டி சும்மா இருந்தது. பிறகு கதவைப் பார்த்தாள். குரல் மறுபடி வந்தது. எழுந்து ஒரு பிடி சோற்றை உருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். கதவைத் தோளால் தள்ளி உள்ளே போனாள். உள்ளே சித்தி அழுதுகொண்டே மெல்லும் சத்தம் கேட்டது.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் தரையில் சிந்திய பருக்கைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த வார முடிவில் சித்தி, மன்னார்குடியில் பார்த்து வைத்த வாடகை வீட்டுக்கு மகளோடு புறப்பட்டாள். காரில் ஏறும்போது பாப்பா, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, "போயிட்டு வரேன் பெரியம்மா," என்றாள். "நல்ல புள்ளை," என்று அம்மா அவள் கன்னத்தைத் தடவினாள்.

அன்று சாயங்காலம் எனக்குப் பசித்தது. அம்மா அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அம்மா," என்று கூப்பிட்டேன்.

"பெரியம்மா சொல்லு," என்றாள், திரும்பாமலே.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வயலிலிருந்து அப்பா வந்ததும் ஓடிப்போய், "அம்மா என்னையும் பெரியம்மான்னு கூப்புடச் சொல்றாங்கப்பா," என்றேன். இவ்வளவு பெரிய நகைச்சுவைக்கு அப்பா ஏன் சிரிக்கவில்லை, மண்வெட்டியைக்கூட இறக்கி வைக்காமல் ஏன் நேரே அடுப்படிக்குப் போனார் என்று எனக்குப் புரியவில்லை.