மாஸ்டர் விழுங்கவில்லை

தொழிற்சாலை கேன்டீனில் அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். உப்பைக் கை நிதானத்தில்தான் போடுவார். ஆனால் கரண்டியை உதட்டில் வைத்துப் பார்க்காமல் ஒரு அண்டாவையும் அடுப்பிலிருந்து இறக்க விட்டதில்லை.

இதயக் குழாயில் அடைப்பு வந்து, பலூன் விட்டு விரித்து அனுப்பியபோது பெரிய டாக்டர் சொன்னார்: "எண்ணெய், உப்பு ரெண்டும் ஆகாது. வாயைக் கட்டுங்க."

சமையல்காரரிடம் வாயைக் கட்டச் சொன்னால் அவர் பிழைப்பது எப்படி? மாஸ்டர் கட்டினார். மனைவி உப்பில்லாமல் அவித்து வைத்ததைத் தட்டு காலியாகும்வரை சாப்பிட்டார்.

"எப்படி இருக்கு?"

"ஆஸ்பத்திரிச் சுவத்தை நக்கின மாதிரி இருக்கு. இன்னும் கொஞ்சம் போடு."

அவள் சிரித்துக்கொண்டே போட்டாள்.

ஒருநாள் அவர் மறந்துவிட்டுப் போன மாத்திரையை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கரண்டி அவர் வாயில் இருந்தது. மாத்திரையை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டாள். வீட்டில் கேட்கவுமில்லை. கேட்டால் சண்டை வரும், பிரஷர் ஏறும் என்று பயம்.

சில மாதங்களில் மறுபடி நெஞ்சுவலி. விரித்த அதே இடம் சுருங்கியிருந்தது. பெரிய டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "வாயைக் கட்டலையா?"

"எங்க கட்டினாரு? என் கண்ணாலயே பார்த்தேன் டாக்டர்," என்றாள் மனைவி.

மாஸ்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "துப்பிட்டேன்மா. ருசி பார்த்துட்டுத் துப்பிடுவேன்."

"இந்த வயசுல பொய் வேறயா? வெக்கமா இல்ல?"

டாக்டர் சிரித்தார். ரத்தத்தைச் சோதித்தார்கள், படம் எடுத்தார்கள். தீர்ப்பை மட்டும் எதையும் சோதிக்காமல் சொன்னார்கள். உழைக்கிறவன் உடம்பில் எது கெட்டாலும் குற்றவாளி அவன் வாய்தான். விசாரணை கிடையாது.

இரண்டாம் முறை பலூன் விட உள்ளே கொண்டுபோகும்போது மாஸ்டர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். உயிரோடு வெளியே வரவில்லை.

"நாக்கை அடக்கியிருந்தா பொழைச்சிருப்பாரு," என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இளம் டாக்டர் ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்படிச் சொல்லாதீங்கம்மா. பலூன் விட்ட இடம் புண்ணாகி ஆறும்போது, உள்ள சதை கூடுதலா வளர்ந்து திரும்ப அடைக்கும். ரொம்ப ஒழுங்கா இருந்தவங்களுக்கும் வருது. நம்மள்ல நிறைய பேரு உடம்புல ஒரு வைரஸ் சத்தமில்லாம தூங்கிட்டிருக்கு. அந்தப் புண்ணுல அது முழிச்சுக்கிட்டு, சதையை வளரத் தூண்டுதோன்னு ஒரு சந்தேகம். சில ஆய்வு ஆமாங்குது, சிலது இல்லைங்குது."

"அப்ப இவருக்கு?"

"தெரியாதும்மா."

தெரியாது. மாஸ்டர் உயிரோடு இருந்தபோது பெரிய டாக்டர் வாயிலிருந்து வந்திருக்க வேண்டிய சொல். அதைச் சொல்லக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

அவருடைய துண்டையும் செருப்பையும் எடுத்துவர அவள் கேன்டீனுக்குப் போனாள். பாத்திரம் தேய்க்கிற பெண் அவளைப் பார்த்ததும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"மாஸ்டரால என் தொட்டியே நாறிக் கிடந்துச்சுக்கா. அண்டாவுக்கு அண்டா வாயில ஊத்துறது, ஓடிவந்து இதுல துப்புறது, கொப்பளிக்கிறது. 'யோவ், நீ வாய் கழுவ என் தொட்டிதான் கிடைச்சுதா?'ன்னு கத்துவேன். 'கோவிச்சுக்காத தாயீ, ஒரு சொட்டு உள்ள போனாலும் வீட்டுல இருக்கறவ மூஞ்சியைப் பார்க்க முடியாது'ம்பாரு. இப்ப சுத்தமாத்தான் கிடக்கு. யாரைத் திட்ட?"

அவள் வெளியே போய், அன்றைக்கு நின்ற அதே ஜன்னலோரம் நின்று உள்ளே பார்த்தாள். அடுப்பு தெரிந்தது. அவர் நிற்கும் இடம் தெரிந்தது. தொட்டி தூணுக்குப் பின்னால் இருந்தது.

"அக்கா, வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க."

அவள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் நகர்ந்து நின்று பார்த்தாள். ஒரே ஓரடி தள்ளி நின்றதும் தொட்டி முழுசாகத் தெரிந்தது.