அட்டைக்கடி என்று சொன்னவள் நான்

வேலாயி என் கணவரின் அண்ணன் மனைவி. இலங்கை மலைநாட்டில் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒரே லய வரிசையில் எங்களுக்கு அடுத்தடுத்த காம்பரா, நடுவில் ஒரு சுவர்தான். அவள் மிளகாய் வறுத்தால் நான் தும்முவேன். பதினாறு வருஷம் அவளுக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தேன், ஒரு நாள்கூட அவளை முந்தியதில்லை. நிறுவையில் அவள் கூடையை வைத்ததும், எங்களுக்கு வேலை பிரிக்கும் கணக்கப்பிள்ளைக்கு முகமெல்லாம் பல். என் கூடைக்கு ஒரு 'ம்' கூடக் கிடையாது. அவளைப் பிடிக்காது என்று சொன்னால் பொய். பிடிக்கும். பார்த்தால் வயிறும் எரியும்.

இரண்டாயிரத்து இரண்டு மழைக்காலத்தில் அவள் கை தளர்ந்தது. மூட்டு வலிக்கிறது, பாதம் மரத்துப்போகிறது என்றாள். முழங்காலுக்குக் கீழே சிவப்புச் சிவப்பாய்ப் புள்ளிகள். குளிர் கூடினால் அவையும் கூடிக் கத்தரிப்பூ நிறமாகிவிடும். "அட்டைக்கடிதான்டி" என்று அவளே சவர்க்காரம் தேய்த்துக்கொண்டாள். எங்கள் மலையில் அட்டை கடிக்காத கால் ஏது? தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா மட்டும் சந்தேகப்பட்டு, குளிரில் நிற்கக் கூடாது, லேசான வேலை கொடுக்கவும் என்று துண்டு எழுதினார்.

அவளைப் பிள்ளைக்காம்பராவில் போட்டார்கள். நாங்கள் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம். அங்கே அடுப்பு எரியும், மழை உள்ளே வராது. பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்த ஒருத்தி, "வேலாயக்கா தொட்டில ஆட்டிக்கிட்டே சுடச்சுடத் தேத்தண்ணி குடிக்குது" என்றாள். மழைக்கு என் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு நனைந்து கல்லாய்க் கனத்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடுதல் கொழுந்தும் அவளுக்கு, கதகதப்பும் அவளுக்கா?

அன்றே கணக்கப்பிள்ளையிடம் போனேன்.

"ஐயா, அது வெறும் அட்டைக்கடிங்க. இந்தா என் காலப் பாருங்க. அப்ப நானும் போயி அடுப்புகிட்ட குந்திக்கவா?"

என் கால் முழுக்கத் தழும்பு. அவர் பார்த்தார், நம்பினார். மறுநாள் காலைப் பெரட்டில் எல்லாரையும் நிறுத்திப் பெயர் வாசித்து வேலாயியை மலைக்கு அனுப்பினார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அட்டை கடித்த இடத்தில் வாய் இருக்கும், ரத்தம் கசியும். அவள் காலில் ஒரு புள்ளிக்கும் வாய் இல்லை. அதை நான் முன்பே பார்த்திருந்தேன்.

எட்டு நாள் மழையில் நின்றாள். ஒன்பதாம் நாள், கவ்வாத்து வெட்டிய மலை வழியாக இறங்கினோம். எனக்கு முன்னால் அவள். அவள் அடி வைத்த இடமெல்லாம் சிவப்பு.

"அக்கா, காலு!"

வெட்டிய தேயிலைக் குச்சி ஒன்று பாதத்தில் ஏறி ஒடிந்து நின்றது. குனிந்து பார்த்தாள். "குத்துனதே தெரியலையேடி" என்றாள். அவள் முகத்தில் வலி இல்லை, பயம்தான் இருந்தது.

பெரியாஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த யாழ்ப்பாணத்து டொக்டரம்மா சொன்னார்: "ஈரலுக்கை ஹெபடைட்டிஸ் சி எண்டு ஒரு கிருமி கன வருஷமா இருந்திருக்கு. அதாலைதான் ரத்தக்குழாயள் வீங்கிப் பழுதாகி, கால் நரம்பும் விறைச்சுப் போச்சு. குளிர் பட்டால் இன்னும் கூடும்." மூத்தவன் பிறந்தபோது அவளுக்கு இரண்டு போத்தல் ரத்தம் ஏற்றியிருந்தார்கள். அப்போது இந்தக் கிருமியைக் கண்டுபிடிக்கச் சோதனையே இல்லையாம்.

"துண்டு குடுத்தும் ஆர் இவவை மலைக்கு அனுப்பினது?"

டொக்டரம்மா என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"நாந்தாங்க வீம்புக்குப் போனேன்" என்றாள் வேலாயி.

அதற்கும் எனக்குப் பொறாமைதான் வந்தது. அப்படி ஒரு வார்த்தை என் வாயில் வராது. வீட்டுக்குக் கூட்டிப்போன அன்று, அவள் என் தோளைப் பிடித்து நொண்டி வரும்போது கேட்டேன்.

"நான் சொல்லித்தான் அனுப்புனாங்கன்னு உனக்குத் தெரியுமாக்கா?"

"கணக்கப்பிள்ள அன்னைக்கே சொல்லிட்டாரு."

எட்டு நாளும் தெரிந்துகொண்டேதான் என் பக்கத்து நிரையில் நின்றிருக்கிறாள்.

"அப்ப ஏன் ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா நீ அழுவ. நான் மன்னிக்கணும். மனசு வரல."

கொஞ்சம் நின்று மூச்சு வாங்கினாள்.

"இன்னும் வரல. நல்லாப் புடி, படி இருக்கு."